கண் பார்ப்பவருக்குப் பதிவு எண் உண்டா?

மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரை ஏறிய மலை ரயில், 1908-ல் லவ்டேல், பெர்ன்ஹில் வழியாக ஊட்டியைத் தொட்டது. ரயில் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு இந்திய ரயில்வே தனி வகுப்பே வைத்திருக்கிறது. ஏ-1 என்பது அதன் பெயர். வேலைக்குச் சேரும்போது இரண்டு கண்ணிலும் கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் சோதனையிலும் தேற வேண்டும். 1875-ல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, ஹோம்கிரன் என்ற உடலியல் பேராசிரியர் வண்ண நூல்கண்டுகளை வைத்து ரயில் ஊழியர்களின் நிறக்குருட்டைச் சோதித்தார். தொழிலாளியின் கண்ணுக்கு விதி எழுதும் வழக்கம் வேரூன்றியதில் ரயில்வேக்குப் பெரிய பங்கு உண்டு.

ரயில் பாதையை விட்டுச் சாலைக்கு வந்தாலும் கண்ணுக்கு விதி இருக்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள உடல் தகுதிப் படிவம், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று கேட்கிறது. வாடகை வண்டி, லாரி ஓட்டுகிறவர்களும் 40 வயதைக் கடந்தவர்களும் பதிவு பெற்ற மருத்துவரிடம் படிவம் 1-ஏ வாங்கித் தர வேண்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் மூடுபனிக்குள் வேன் இறக்குகிறவருக்கு 'நல்ல பகல் வெளிச்சம்' எத்தனை நாள் கிடைக்கும் என்பது வேறு விஷயம். விதி என்று ஒன்று இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்திலும் அளவுக்குச் சட்டம் உண்டு. பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத தராசில் நிறுத்தால் வழக்கு. கருவிகளுக்கும் அப்படித்தான்: கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் 2005-லேயே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் அதன் கீழ் வந்தன.

ஆக, யாருடைய கண் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. எடை போடும் தராசுக்கும் கண்ணில் வைக்கும் லென்சுக்கும் விதி உண்டு. கடையில் உட்கார்ந்து, 'இந்த எழுத்து தெரியுதா' என்று கேட்டு நம் கண்ணை அளந்து, சீட்டில் பவர் எழுதித் தருகிறாரே, அவர் யார், என்ன படித்தார் என்று கேட்க மட்டும் 2021 வரை இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் இல்லை.

விடுதலை பெற்ற கையோடு நாம் பிற மருத்துவத் தொழில்களை எப்படிக் கவனித்தோம் என்று பார்த்தால்தான் இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்று தெரியும். செவிலியர்களுக்கு 1947-ல் சட்டம். மருந்தாளுநர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 1948-ல் சட்டம். 1992-ல் வந்த இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டைக்கூடப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. காதை அளக்கப் பதிவு தேவைப்பட்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் கண்ணை அளப்பவரின் முறை வந்தது.

படிப்பு இல்லாததால் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. 1958-லேயே அலிகாரின் காந்தி கண் மருத்துவமனையிலும் ஐதராபாத்தின் சரோஜினி தேவி கண் மருத்துவமனையிலும் கண்ணை அளந்து பவர் சொல்லும் ஆப்டோமெட்ரிக்கு இரண்டாண்டு டிப்ளமோ தொடங்கியாயிற்று. 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கென்று 'கண் மருத்துவ உதவியாளர்' என்ற பணியிடம் உருவானது. அதே 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பிளஸ் டூ முடித்த கிராமப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்துக் கண் சோதனையைப் பெருமளவு அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். 1985-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி நான்காண்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. இதற்கெல்லாம் மிக முன்னதாக, 1819-லேயே உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று சென்னையில் தொடங்கியிருந்தது. இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான். கண் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு இருநூறு ஆண்டு மரபு இருக்கிறது.

மரபு இருந்தும் பதிவேடு இல்லாமல் போனதற்குக் காரணம், இந்தத் தொழில் பல வீடுகளில் வளர்ந்த பிள்ளை என்பதுதான். அரசு தன் உதவியாளரைத் தானே பயிற்றுவித்துச் சம்பளம் கொடுத்தது. அவருக்குத் தனியாக உரிமம் வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. பெரிய மருத்துவமனைகள் தங்கள் ஊழியரைத் தங்கள் பெயரின் நிழலில் வைத்துக்கொண்டன. கண்ணாடிக் கடைக்காரரோ வியாபாரி. அவரை வணிக உரிமத்தின் வழியாகப் பார்த்த அரசு, சுகாதாரத்தின் வழியாகப் பார்க்கவே இல்லை. கண் மருத்துவர்களுக்கும் தயக்கம் இருந்தது. இன்று பவர் எழுத உரிமை கொடுத்தால் நாளை சொட்டு மருந்து எழுதுவார்கள் என்ற அச்சம் உலகெங்கும் உள்ளதுதான். 1890-களில் நியூயார்க்கில் சார்லஸ் பிரெண்டிஸ் என்ற கண்ணாடி வல்லுநர், கண் சோதனைக்குக் கட்டணம் வாங்கியதைக் கண் மருத்துவர் ஒருவர் ஆட்சேபித்தார். அந்தச் சண்டையிலிருந்துதான் அமெரிக்காவில் உரிமச் சட்டத்துக்கான இயக்கம் கிளம்பியது. 1901-ல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. 1924-க்குள் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. நோயாளியின் நலனைவிடத் தொழிலின் எல்லைச் சண்டையே சட்டத்தைப் பிறப்பித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோக்கம் எதுவானாலும் பதிவேடு மக்களுக்குப் பயன்பட்டது.

பதிவு எதற்கு என்று கேட்பவர், ஒரு கண்ணாடிக் கடையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை இலவசம்' என்ற பலகை மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. தாடையை வைத்து உள்ளே பார்க்கச் சொல்லும் அந்தக் கருவியில் ஒரு படம் மங்கித் தெளியும். அடுத்த நொடி ஒரு துண்டுச் சீட்டு வெளியே வரும். அதில் பவர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று எண்கள். பலருக்குச் சோதனை அத்தோடு முடிந்தது. உண்மையில் அந்தச் சீட்டு ஆரம்பப் புள்ளிதான். அதற்குப் பிறகுதான் ட்ரயல் பிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்சாகப் போட்டு எடுத்து, 'இப்பத் தெளிவா, முன்னாடி தெளிவா' என்று கேட்டுக் கேட்டு, நோயாளியின் பதிலை நம்பவும் சந்தேகிக்கவும் தெரிந்து, பவரை இறுதி செய்ய வேண்டும்.

குழந்தையின் கண்ணில் இது இன்னும் நுட்பமானது. குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் தசை மிக வலுவாகச் சுருங்கக்கூடியது. கருவிக்குள் பார்க்கும்போது அது சுருங்கினால், இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவும் இருப்பது அதிகமாகவும் காட்டும். அதனால்தான் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்ப்பது முறை. சொட்டு மருந்து போடாமல் துண்டுச் சீட்டை மட்டும் நம்பி மைனஸ் பவர் எழுதினால், பிள்ளை தலைவலியோடு பள்ளிக்கூடம் போகும். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமிருந்து அதைச் சின்ன வயதில் கண்டுபிடிக்காமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். சோம்பல் கண் என்று சொல்கிறார்களே, அது இதுதான். வளர்ந்த பிறகு கண்ணாடி போட்டு அதை முழுதாக மீட்பது கடினம்.

பெரியவர்களிடம் ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் கண்ணின் பவரே மாறும். அன்று எழுதிய கண்ணாடி, சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் பொருந்தாது. கண் நீர் அழுத்த நோய் வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்னும். நேர்ப் பார்வையில் 6/6 படிக்கிறவருக்கும் அது இருக்கலாம். இங்கே நல்ல பரிசோதகருக்கும் வெறும் விற்பனையாளருக்கும் வித்தியாசத்தைக் காட்ட ஒரு சிறு தட்டு போதும். நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டு. மங்கலாகத் தெரிகிறது என்பவர் அதன் வழியே பார்க்கும்போது எழுத்து தெளிந்தால், பிரச்சினை பெரும்பாலும் பவரில்தான் இருக்கிறது, கண்ணாடி உதவும். தெளியவில்லை என்றால் புரையோ, விழித்திரைக் கோளாறோ, வேறு எதுவோ இருக்கலாம். அவரை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கண்ணாடி விற்காமல் அனுப்பிவைக்க வேண்டிய இடம் இது. விற்றால் லாபம், அனுப்பினால் நஷ்டம் என்ற நிலையில் இருப்பவரிடம் வெறும் நல்லெண்ணத்தை நம்பி நாம் நிற்கிறோம். பதிவு எண் இருந்தால், அந்த எண் பறிபோகுமே என்ற பயமாவது இருக்கும்.

நாடாளுமன்றம் பதிவின் தேவையை 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், பத்து வகைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பட்டியலிட்டது. கண் அறிவியல் அதில் ஒரு வகை. பெயர் பதிவேட்டில் இல்லாதவர் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்கிறது சட்டம். இரண்டு படிகளை வகுத்திருக்கிறது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்தவர் துணைத் தொழிலர். மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் 3,600 மணி நேரப் பட்டம் பெற்றவர் சுகாதாரத் தொழிலர். மாநிலம்தோறும் ஒரு மன்றம் அமைத்து அது பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். மன்றத்தை அமைக்க ஆறு மாதம் கெடு. கெடு போன போக்கை 2024 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் பார்த்தது. மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், அதுவரை 14 மாநிலங்களே மன்றம் அமைத்திருந்தன என்ற தகவல் முன்வைக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு ஒன்றிய, மாநில அரசுகளுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சட்டம் மூன்றாண்டுகள் காகிதத்தில் தூங்கிய பிறகு அதைத் தட்டி எழுப்ப நீதிமன்றம் தேவைப்பட்டது.

சட்டம் முழுதாக விழித்துக்கொள்ளும்போது நீலகிரி போன்ற மலை மாவட்டத்துக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. என் பார்வையில் விவாதத்தின் மையம் இதுதான். பட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், பட்டம் பெற்றவர்கள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருப்பார்கள். கூடலூரில் இருக்க மாட்டார்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் பிடித்துப் போய்க் கண் பார்த்து வருகிற தோட்டத் தொழிலாளியைச் சட்டம் மனதில் வைக்கவில்லை என்றால், அவர் கண் பார்க்காமலே இருந்துவிடுவார். தரமற்ற சோதனையைத் தடுக்கப் போய்ச் சோதனையே இல்லாமல் செய்வது நடக்கக்கூடிய காரியம்தான்.

அதன் விலை எவ்வளவு என்பதைத் தேயிலைத் தோட்டமே சொல்லியிருக்கிறது; இந்தத் தோட்டம் அசாமில் இருக்கிறது. 2017-ல் அங்கே 40 வயதைக் கடந்த 751 கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. பாதிப் பேருக்கு உடனே கிட்டத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து நாளொன்றுக்குச் சராசரி 25 கிலோவிலிருந்து 34.8 கிலோவாக ஏறியது. போடாதவர்களுக்கும் பருவத்தின் தயவால் 26-லிருந்து 30.6 ஆகக் கூடியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 கிலோவுக்கு மேல். விகிதத்தில் ஏறத்தாழ 22 சதவீதம். 50 வயதைத் தாண்டியவர்களிடம் பலன் 30 சதவீதத்துக்கும் மேல். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் இதை வெளியிட்டது. வங்கதேசத்தில் நடந்த இன்னொரு ஆய்வு, கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததாக 2024-ல் சொன்னது.

அசாம் எண்ணை அப்படியே நீலகிரிக்குப் பொருத்திவிடக் கூடாது. இங்கே பல தோட்டங்களில் விரலால் கிள்ளுவதைவிடக் கத்தரியால் வெட்டுவதே வழக்கம், இயந்திரமும் வந்துவிட்டது. இரண்டு இலை ஒரு கொழுந்தைக் கண்ணால் தேடும் வேலை அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் முற்றிய இலையைப் பிரிக்க, களையையும் கொடியையும் பிடுங்க, சீட்டில் எழுதிய எடையைச் சரிபார்க்க, மாத்திரை அட்டையைப் படிக்கக் கண் வேண்டும். தராசில் முத்திரை இருந்தாலும் அதன் எண்ணைப் படிக்க முடியாதவருக்கு அந்த முத்திரையால் பாதிப் பயன்தான்.

இந்த வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு நான்காண்டுப் பட்டம் தேவையே இல்லை. இங்கிலாந்து இதில் நல்ல முன்மாதிரி. 1958-ல் கண்ணாடிப் பரிசோதகர் சட்டம் கொண்டுவந்து பொது மன்றம் அமைத்த நாடு அது; கண் சோதனையைப் பதிவு பெற்றவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் என்று வைத்தது. 1980-களில் தன் பிடியைத் தளர்த்தியபோது எதை விடுவது, எதை விடக் கூடாது என்று யோசித்தே விட்டது. பெரியவர்களுக்கு, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவராக, பிளஸ் 4 வரையுள்ள படிப்புக் கண்ணாடியை யாரும் விற்கலாம். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான கண்ணாடியும் காண்டாக்ட் லென்சும் பதிவு பெற்றவரின் பொறுப்பில்தான் போக வேண்டும். மலேசியாவின் 1991-ம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரின் 2007-ம் ஆண்டுச் சட்டமும் கண்ணாடி பொருத்துகிறவரையும் கண் சோதிக்கிறவரையும் தனித்தனியே பதிவு செய்கின்றன. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள நம் உறவுக்காரர், தன் கண்ணைப் பார்ப்பவரின் சான்றிதழ் சுவரில் மாட்டியிருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்.

தமிழ்நாடு இதைத் தன் மண்ணுக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் படிப்புக் கண்ணாடியைச் சந்தைக்கு விட்டுவிடட்டும்; தோட்ட மருந்தகத்திலும் ரேஷன் கடையிலும்கூட விற்கலாம். தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்டத்தின் கடமை என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தக் கடமைக்குள் ஒரு ஜோடிக் கண்ணாடி அடங்காதா? பிள்ளைகளின் கண், ஓட்டுநரின் கண், காண்டாக்ட் லென்ஸ், சர்க்கரை நோயாளியின் கண் ஆகியவற்றைப் பதிவு பெற்றவர் மட்டும் பார்க்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் கண் பார்த்த உதவியாளரையும், மருத்துவமனையில் பயிற்சி பெற்று ஆயிரக்கணக்கான கண்களைப் பார்த்த பெண்ணையும் பட்டமில்லை என்று வெளியே தள்ளாமல், முதல் படியில் பதிவு செய்து, தேர்வு வைத்து அடுத்த படிக்கு ஏற்றலாம். அதற்கான இணைப்புப் பயிற்சியை நடத்த ஊட்டியிலேயே இப்போது இடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்று. தொலைவிலுள்ள மருத்துவர் திரை வழியே பார்த்துச் சொல்லும் பார்வை மையங்களை அரவிந்த் 2004-லிருந்து நடத்திக் காட்டியிருக்கிறது. மலைக்கு அந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். மையத்தில் உட்காருபவருக்குப் பதிவும், அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவரும் இருந்தால் போதும்.

எதிர்ப்பு வரும். ஐம்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் குடும்பம், 'எங்கப்பா பார்த்த கண்ணுக்கு யாரும் குறை சொன்னதில்லை' என்று சொல்லும். அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு, அனுபவமும் உண்டு. சட்டத்துக்கு முன்பே தொழில் செய்தவர்கள், உரிய தகுதி இருந்தால் பதிவு பெற வழி இருக்கிறது. தகுதி இல்லாதவருக்குக் கண்ணாடி விற்கும் உரிமையை யாரும் பறிக்கவில்லை. கண்ணைச் சோதிக்க ஒரு பதிவு பெற்றவரை அமர்த்திக்கொள்ளும்படி மட்டுமே கேட்கிறோம். மருந்துக் கடைக்காரர் மருந்தாளுநரை அமர்த்திக்கொண்டுதானே கடை நடத்துகிறார்? சான்றிதழை வாடகைக்கு எடுத்து மாட்டிவிட்டு வேறு ஆள் மருந்து கொடுக்கும் பழக்கமும் அங்கே உண்டு என்பதை மறந்துவிடவில்லை. அந்த நோய் இங்கேயும் பரவும். ஆகவே கடையின் சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கினால் போதாது. எழுதித் தரும் ஒவ்வொரு சீட்டிலும் சோதித்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் போட்டால் அவரைப் பற்றிய விவரத்தைத் தமிழில், மாவட்ட வாரியாக, கைபேசியிலேயே பார்க்கும்படி மாநில மன்றம் பதிவேட்டை வெளியிட வேண்டும்.

பதிவேடு ஒழுங்காக வரும் வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை கண்ணாடிக் கடைக்குப் போகும்போது, பிரேமின் விலையைக் கேட்பதற்கு முன்னால், கண் பார்ப்பவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிப் போனால், சொட்டு மருந்து போட்டுப் பார்க்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். பவரை எழுதிய சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடி வாங்கினால்தான் சீட்டு தருவோம் என்கிற கடையில் கண்ணைக் காட்டாதீர்கள்.